சாம்பல் நிறச் செயலி

ஜனவரி 11, வியாழன்

ஜெரேனியம் பூச்செடி நாற்றுகள் வந்துவிட்டன. பண்ணையில் கூட வேலை செய்யும் ட்ரூஸும் நானும் பொழுது சாயும்வரை தொட்டிகளில் மண் நிரப்பினோம். வீட்டுக்கு வந்தால் கதவடியில் நீதிமன்றத்தின் உறை. ஏப்ரல் 16 அன்று விசாரணை. என் பணம் என் கைக்குத் திரும்புமா என்பது அப்போது தெரியும்.

மூன்று வருடமாக, நீதிமன்ற உத்தரவுப்படி, என் சம்பளம் அக்கா வில்லமைன் பார்த்துக்கொள்ளும் கணக்குக்குப் போகிறது. திங்கள்தோறும் அவள் எனக்கு எழுபது யூரோ அனுப்புகிறாள். அந்த வருடம் எனக்கு ஏறியபோது (தூக்கமும் பயமும் இல்லாமல் மனம் எகிறுவதற்கு மருத்துவர்கள் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், நான் ஏறுவது என்றுதான் சொல்வேன்) இயந்திரமே இல்லாத ஒரு பழைய சரக்குப் படகையும், அதில் வைக்க ஒரு பியானோவையும் வாங்கியவள் நான். படகு ஓட்டவும் தெரியாது, பியானோ வாசிக்கவும் தெரியாது.

செவிலியர் யோரிஸிடம் தொலைபேசியில் சொன்னேன். "நீதிபதி வாய்ப்பேச்சை நம்பமாட்டாங்க, ஹெஸ்டர். செலவை நீங்களே கவனிக்கிறீங்கன்னு காட்டணும். போன்ல ஒரு ஆப் போட்டு இப்பவே ஆரம்பிங்க. எதுன்னு நீங்களே பாத்து எடுங்க" என்றார்.

நீங்களே. இந்தச் சொல் காதில் விழுந்து எவ்வளவு நாளாயிற்று!

ஜனவரி 13, சனி

வில்லமைன் பட்டாணி சூப்போடு வந்தாள். செயலியையும் அவளே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருந்தாள். வங்கிக் கணக்கோடு இணைவது. நான் அட்டையைத் தேய்த்த மறுகணம் அவள் தொலைபேசியிலும் தெரியும்.

"நீ ஒண்ணுமே எழுத வேணாம். அதுவே எழுதிக்கும்."

"அப்ப நான் என்னத்தக்கா கவனிக்கிறது?"

"நீ செலவு பண்ணாம இருக்கிறதைக் கவனி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே சிலதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. சூப்பைச் சூடு பண்ணித் தந்துவிட்டுத் தான் குடிக்காமலே போய்விட்டாள்.

ஜனவரி 17, புதன்

மூன்றைப் போட்டுப் பார்த்தேன். நரிப் படம் போட்டது, ஒரு நாள் செலவே செய்யாவிட்டால் திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவிக் கொண்டாடுகிறது. நான் என்ன குழந்தையா? இன்னொன்று தானே வகை பிரிக்குமாம். அதிமதுர மிட்டாயை மருந்துச் செலவில் சேர்த்துவிட்டது. மூன்றாவது ஓர் ஆந்தை. நான் காபி வாங்கும்போதெல்லாம் கண்ணை உருட்டுகிறது.

உணவு இடைவேளையில் ட்ரூஸிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்துடி, ஆப்பு தேடப்போயி ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆயிடப் போவுது."

ஜனவரி 20, சனி

இன்னும் சிலவற்றை இறக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரே செலவைப் பதிந்து ஒப்பிட்டால் எது சிறந்தது என்று தெரிந்துவிடும் அல்லவா? உணவுக்குப் பச்சை, பேருந்துக்கு நீலம், வீட்டுக்கு ஆரஞ்சு. ஆரஞ்சில் மட்டும் எத்தனை ஆரஞ்சு! இதைப் பற்றியே மற்றவர்களுக்கும் எழுதலாம், வகுப்புகூட எடுக்கலாம், பண்ணை ஆட்களுக்கு, நகரம் முழுவதற்கும்...

ஜனவரி 22, திங்கள்

ட்ரூஸ் என் கையிலிருந்த தொட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "காலையிலேர்ந்து நிறுத்தாம பேசிட்டிருக்க. பாட்டு வேற. நல்லாத்தான இருக்க?"

நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன். அதுதான் பயம்.

இது சந்தோஷமா, அதுவா? மற்றவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது இப்படிக் கேட்டுக்கொள்கிறார்களா?

ஜனவரி 23, செவ்வாய்

செலவைக் குறைக்கும் செயலி ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டேன். இந்த வாரத்துக்கான பணத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. சலுகை இன்றோடு முடிகிறது என்றது. முடிந்தால் என்ன? அப்போது தோன்றவில்லை.

வங்கியில் பார்த்துவிட்டு அக்கா அழைத்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அன்னைக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சது. ஏதோ சலுகைன்னு."

"இது படகு இல்லக்கா. ஒரு ஆப்பு."

"எனக்கு நீ வைக்கிற ஆப்பு."

வைத்துவிட்டாள்.

ஜனவரி 24, புதன்

யோரிஸிடம் போனேன். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுச் சிறிது கூட்டியிருக்கிறார். திட்டவில்லை. "தேடினது தப்பில்ல. ஒண்ணு கிடைச்சதும் ஏன் நிக்க முடியல, அதை மட்டும் யோசிங்க" என்றார். அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தேன். சந்தாவையும் ரத்து செய்தேன்; பணம் திரும்ப வருமாம்.

அக்காவின் செயலியையே போட்டுக்கொண்டேன். மறுத்துப் பேச எனக்கு ஏது வாய்?

பிப்ரவரி 10, சனி

சேற்றில் நடந்து நடந்து காலணியின் அடி பிளந்துவிட்டது. மலிவுக் கடையில் ஒரு ஜோடி எடுத்தேன். அட்டையைத் தேய்த்துவிட்டுப் பையை வாங்கக்கூட இல்லை, தொலைபேசி அடித்தது.

"என்ன வாங்கின?"

"செருப்பு... ஷூ, அக்கா."

"முப்பத்தஞ்சுக்கா? போன வருஷம் வாங்கினது என்னாச்சு?"

கல்லாவில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டு ரசீதை மடித்தாள், மடித்தாள், மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நாற்பத்து நான்கு வயது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்க, என் பழைய காலணியின் கதையை அக்காவுக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 14, புதன்

காபி வாங்கவில்லை. மீன் வாங்கவில்லை. எதை வாங்கினாலும் அங்கே மணி அடிக்கும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு வாரமாகச் சந்தையில் இயந்திரத்திலிருந்து பணத்தை எடுத்து ட்ரூஸிடம் கொடுத்துவிடுகிறேன். 'பணம் எடுத்தது, இருபது' என்று மட்டும் அங்கே தெரியும். ட்ரூஸ் தன் அட்டையில் எனக்கு காபி, ரொட்டி, ஒரு முறை முடிச்சாயம் வாங்கித் தந்தாள். எதற்கு எடுத்தாய் என்று அக்கா கேட்டால், சந்தையில் காய்கறி என்கிறேன்.

இன்று ட்ரூஸ் காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன்டி, இது உன் காசுதான? நம்ம ரெண்டு பேரும் ஏன் திருட்டுப் பூனை மாதிரி முழிக்கிறோம்?"

ஏறியிருந்தபோதுகூட நான் பொய் சொன்னதில்லை. படகை வாங்கிவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெளிவாக இருக்கும்போதுதான் பொய் சொல்கிறேன்.

மார்ச் 2, சனி

ஒன்று கண்டுபிடித்தேன். இம்முறை தேடலை யோரிஸிடம் முன்பே சொல்லி, மூன்றே மூன்று, ஒரே மதியம் என்று பேசி வைத்துக்கொண்டேன். இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன்.

பார்க்க அசிங்கம். சாம்பல் நிறம். படம் இல்லை, வண்ணம் இல்லை. வங்கியோடு சேராது. எவ்வளவு என்று கேட்கும். எதற்கு என்று கேட்கும். இரண்டையும் நாமே கையால்தான் எழுத வேண்டும். பாராட்டாது, திட்டாது, யாருக்கும் சொல்லாது. முதல் பதிவாக ட்ரூஸ் வாங்கித் தந்ததையெல்லாம் நினைவிருந்தவரை எழுதினேன். முடிச்சாயத்தையும்.

மார்ச் 3, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் நேரிலேயே சொன்னேன். அவள் செயலியை நீக்கிவிட்டதாகவும், ட்ரூஸ் வழியாகச் செய்ததையும். அத்தான் பெர்ட் நாயைக் கூட்டிக்கொண்டு மெல்ல வெளியே போய்விட்டார்.

"பொய் சொல்லிருக்க."

"சொன்னேன். அதான் அதை எடுத்துட்டேன்."

"கையால எழுதுறதுல எதை வேணா விட்டுடலாமே!"

"விடலாம். விடமாட்டேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாதுடி. உன்னை ஆஸ்பத்திரில விட்டுட்டு அந்தப் படகுக்காரன்கிட்ட போயி கெஞ்சினது யாரு? வேலைய பாதியாக் குறைச்சுக்கிட்டது யாரு? போன் அடிச்சா இன்னும் போலீஸோன்னு நினைச்சுத்தான் எடுக்குறேன். அந்த ஆப்புல உன் காபி விலை வந்தா எனக்கு ஒரு நாள் நிம்மதி, புரியுதா? இன்னைக்கு காபிதான், வேற ஒண்ணும் இல்லன்னு."

இதை அவள் இதுவரை சொன்னதே இல்லை.  தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீதிபதி கேட்டா, இன்னும் வேணாம்னுதான் சொல்லுவேன்."

மார்ச் 9, சனி

அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. திங்கள்கிழமை எழுபது யூரோ மட்டும் வந்தது.

ரொட்டி. வெங்காயம். பல்பசை. பேருந்து. எழுதுகிறேன்.

மார்ச் 23, சனி

 எழுதிவிடுகிறேன்.

வெயில் வந்துவிட்டது. ஒரு வாரமாகவே உடம்பில் ஒரு துள்ளல். நகருக்கு வெளியே, செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில்கள் விற்கும் இடத்துக்குச் சும்மா பார்க்கத்தான் போனேன். சும்மா! போகும் வழியிலேயே குடிலுக்குள் என்ன வளர்ப்பது, யார் யாருக்கு விற்பது, பண்ணை வேலையை எப்போது விடுவது, எல்லாம் முடிவாகியிருந்தது. அடுக்குமாடியில் குடியிருப்பவள் குடிலை எங்கே வைப்பேன்? அது தோன்றவே இல்லை.

விற்பவர் நல்ல மனிதர். "மொத்தமா கட்ட வேணாம்மா. மாசாமாசம் கொடுங்க. ஒரு கையெழுத்து போதும்" என்றார். பேனாவும் என் கையில்.

பழக்கதோஷம், கையெழுத்துப் போடும் முன் தொலைபேசியை எடுத்துப் பதியப் போனேன். எவ்வளவு? 2,950. அடித்தேன். எதற்கு?

எதற்கு?

குடிலுக்கு என்று அடித்தேன். அழித்தேன். தொழிலுக்கு. அழித்தேன். ஊருக்கெல்லாம் என் செடி போக வேண்டும் என்பதற்கு... அதையும் அழித்தேன். அந்தச் சாம்பல் பெட்டி ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தது.  வந்திடுச்சு, ஐயோ, வந்திடுச்சு.

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து அக்காவை அழைத்தேன். அழைத்தால் விசாரணையில் என் கதை முடிந்தது என்று தெரியும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தெரிந்துதான் அழைத்தேன்.

"அக்கா, எனக்கு ஏறுது. ஒரு கண்ணாடிக் குடில் வாங்கப் பாத்தேன். வாங்கல. நீ வா."

"அங்கயே நில்லு" என்றாள். அவ்வளவுதான்.

காரில் வந்தாள். நேரே யோரிஸிடம் கொண்டுபோய்விட்டு, வெளியே காத்திருந்தாள்.

ஏப்ரல் 4, வியாழன்

தூக்கம் சீராகிவிட்டது. மாத்திரையால் நாக்கு காய்கிறது. ட்ரூஸ் நான் பாடாததைக் குறை சொன்னாள்.

ஏப்ரல் 15, திங்கள்

நாளை. செயலியில் உள்ளதை அச்செடுத்துவிட்டேன். அந்த 2,950 ஐ நீக்கிவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செலவே ஆகாத பணம்தானே? நீக்கினால் பொய்யில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன். எதற்கு என்ற இடம் காலியாகவே இருக்கிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

சின்ன அறை. நீதிபதி என் வயதுப் பெண், மூக்குக்கண்ணாடி நுனி மூக்கில். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார்.

"இது என்ன?"

சொன்னேன். துள்ளலிலிருந்து பேனாவரை. நடுவில் நிறுத்தவில்லை.

அவர் வில்லமைன் பக்கம் திரும்பினார். "மூணு வருஷமா நீங்கதான் பொறுப்பு. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

 அக்கா நல்ல மேல்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதன் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். 

"இங்க வரும்போது வேணாம்னு சொல்லத்தான் நினைச்சேன். போன தடவை எனக்குப் போலீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. இந்தத் தடவை இவகிட்டேர்ந்து வந்துச்சு." என் பக்கம் திரும்பினாள். "எனக்கு இன்னும் பயந்தான். ஆனா அந்தப் பயத்துக்கு இவ பணத்தை நான் வச்சுக்கக் கூடாது."

நீதிபதி எழுதிக்கொண்டார். முடிவு தபாலில் வரும் என்றார்.

வெளியே வாகன நிறுத்தத்தில் அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். 

மே 7, செவ்வாய்

வந்துவிட்டது. ஜூன் முதல் தேதியிலிருந்து என் கணக்கு என் பொறுப்பு. ஒரு நிபந்தனை: யோரிஸைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

வேலையில் ட்ரூஸிடம் சொன்னேன். "காபி நீ வாங்கு" என்றாள்.

ஜூன் 3, திங்கள்

எழுபது யூரோ வரவில்லை. ஒரு கணம் திக்கென்றது. பிறகுதான் உறைத்தது.

ஜூன் 12, புதன்

வில்லமைனும் பெர்ட்டும் விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போயிருக்கிறார்கள், ஒரு வாரம். நேற்று நாயைப் பக்கத்து வீட்டுத் தபால்காரரிடம் விட்டுவிட்டு, போகிற போக்கில் என்னையும் பார்த்துவிட்டுப் போனாள். "போனை வீட்லயே விட்டுட்டுப் போறேன்டி. பெர்ட்டோடதும்தான். ஏதாவதுன்னா யோரிஸைக் கூப்பிடு" என்றாள். காரிலிருந்து கையை ஆட்டியபோது வெயில் கண்ணாடி போட்டிருந்தாள். அவளிடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

மாலையில் வழியோரக் கடையில் ஸ்ட்ராபெரி வாங்கினேன். இந்த வருடம் அப்படி ஓர் இனிப்பு. அக்காவிடம் சொல்லத் தோன்றி, மறந்துபோய் அவள் எண்ணை அழுத்திவிட்டேன்.

பூட்டிய வீட்டில் அவள் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த மணிக்கு அவள் பயப்படாத ஒரு வாரம். சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.