ஒரு கிளை அதிகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் எனக்கு இருமல். பதறாதே, இப்போது இல்லை. நாள் முழுக்க நான் மற்றவர்களைப் படுக்கவைக்கும் அதே சிடி ஸ்கேனில் என்னையே படுக்கவைத்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் ஒரு ஸ்கேன் படத்தை, அதிலிருந்த பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டி, "என்ன தெரியுது?" என்றார். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முன்பே வலப்பக்கம் ஒரு கிளை தனியாக முளைத்திருந்தது. அபூர்வமான அமைப்பு.

"சளி அடிக்கடி தங்கும் சார். இந்த ஆளோட சின்ன வயசுல அம்மா ரொம்பப் பாடுபட்டிருப்பாங்க" என்றேன்.

அவர் சிரித்தபடி கையை எடுத்தார். என் பெயர்.

ஆபத்தில்லை, மருந்தே போதுமாம். ஆனால் இது பிறவியிலேயே உள்ளது, அம்மா. ஈரத்தலையோடு தூங்கவைத்து நீதான் என் நெஞ்சைக் கெடுத்தாய் என்று அத்தை இன்றும் சொல்லிக்காட்டுகிறாரே, அவருக்குக் காட்ட அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் பேசாதே. அவர் முகம் போகிற போக்கை மட்டும் எனக்கு எழுது.

அப்புறம், நீ போர்த்திக்கொள்ளும் பழைய சால்வையை அனுப்பு. இங்கே ஸ்கேன் அறை குளிர்கிறது. அடுத்த ஆளை அழைத்து வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

சால்வையைத் துவைக்காமல் அனுப்பு.

உன் மகன்