தெலியதுக் குருவி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டிச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. விரல்களில் இன்னும் பெயின்ட் வாசனை இருக்கிறது. இன்று மாலை உன்னைத்தான் வரைந்தேன்.

உன் அம்மா உன் பள்ளி அடையாள அட்டையுடன் வந்தார். "ஞாயித்துக்கிழமை படையல் போடறோம் பாப்பா. ஸ்டுடியோல பெருசு பண்ணா மூஞ்சி கலங்குதாம். நீ வரைஞ்சு குடு. கண்ணு நல்லா தெறந்து பாக்கற மாதிரி இருக்கணும்."

அட்டையில் இருந்தது நீயா? தாடையைத் தூக்கி, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் விறைத்து, கண்கள் வெறும் இரண்டு புள்ளிகளாக. பள்ளி நூலகத்தில் நாம் புரட்டிய பழைய பறவைப் புத்தகம் நினைவுக்கு வந்தது. கேமரா இல்லாத காலத்தில் பறவையைச் சுட்டு, பஞ்சடைத்து, அதைப் பார்த்து வரைந்த படங்கள். பனங்காடையின் நீலத்தில் நான் மயங்கியிருந்தேன். நீ அதன் காலைத் தொட்டுக் காட்டினாய். "செத்ததைப் பாத்து வரைஞ்சிருக்கான்டி. கிளைய புடிக்கவே இல்ல பாரு, சும்மா வெச்சிருக்கு." கண்தான் முதலில் கெட்டுப்போகும், அதன் நிறத்தை ஊகித்தே தீட்டினார்கள் என்று புத்தகத்தில் இருந்ததை நான் படித்துக் காட்டினேன்.

"உயிரோட பாத்தவங்களைக் கேட்டிருக்கலாம்ல" என்றாய்.

கேட்டும் இருக்கிறார்கள். ஒரு சின்னப் பழுப்புக் குருவியின் கீழே, ஊர்ப்பெயர் என்று ஆங்கில எழுத்தில் 'தெலியது' என்று போட்டிருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பேரு என்னான்னு கேட்டிருக்கான். எங்காளு தெரியாதுன்னு சொல்லியிருக்கான். அதையே பேருன்னு எழுதிட்டான் பாரு." அதன்பின் நமக்கு விடை தெரியாத கணக்கெல்லாம் தெலியதுக் குருவி ஆனது. "டெஸ்ட்ல இன்னிக்கு நாலு குருவி புடிச்சேன்டி" என்பாய்.

பிறகு ஜூஜுவாடியில் நீ சாலையைக் கடந்தபோது அந்த லாரி வந்தது.

இன்று அழித்து அழித்துக் காகிதம் நைந்துபோனது. நானும் கேட்டுப் பார்த்தேன். "ஆன்ட்டி, வீட்ல பேசறப்ப அவ எப்படிப் பார்ப்பா?"

உன் அம்மா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெலியது பாப்பா" என்றார். "நான் ஷிப்டுக்குக் கெளம்பறப்பவும் தூங்குவா, வர்றப்பவும் தூங்குவா. லீவு நாள்லயும் ஓ.டி. பாத்தேன். தூங்கற மூஞ்சிதான் எனக்கு நல்லா தெரியும்."

நினைவிலிருந்து வரைந்தேன். கேலி செய்யுமுன் உன் இடப்புருவம் லேசாக ஏறுமே, அதை வைத்தேன். கண்மணிக்குக் கருப்பைத் தொட்டபோது, இல்லை, தேன்நிறமோ என்று கை நின்றது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் உறுதியாகத் தெரியவில்லை. பழுப்பைத் தீட்டினேன்.

"இப்படித்தான் பார்ப்பாளா?"

"ஆமா ஆன்ட்டி."

இனி அவருக்கு அதுதான் உன் பார்வை. தப்பென்றால் சொல்ல நீ இல்லை. அந்தப் பழுப்பு என்னோடுதான் இருக்கும்.

எதிர்வீடுதானே, எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது. படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, அதன் எதிரே உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாளை அவருக்குக் காலை ஷிப்டு. கொஞ்ச நேரத்தில் எழுந்து விளக்கை அணைத்துவிட்டார்.