மூச்சு திரும்பும் வரை

மார்ச் 4, திங்கள்

துணி துவைத்தேன். காயப்போட்டேன். மழை வந்தது. எடுத்து உள்ளே போட்டால், நாங்கள் நண்டு என்று கூப்பிடும் எங்கள் மகள் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து பால் டம்ளரைக் கவிழ்த்தாள். திரும்பவும் துவைத்தேன். இரண்டரை வயதில் ஒரு ஆளை இப்படி வேலை வாங்க முடிகிறதே, அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

சாயங்காலம் மனைவி வந்து, "இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். குத்தலே இல்லை, சும்மாதான் கேட்டாள். எனக்குத்தான் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், நாள் முடிவில் காட்ட ஒரு தாளாவது மிஞ்சும். மகள் பிறந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று ஆனது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மனைவிக்கு நிரந்தர வேலை. நான் வேலையை விட்டு நின்றுகொண்டேன். இருவரும் கூடிப் பேசி எடுத்த முடிவுதான்.

மார்ச் 6, புதன்



மதியம் நண்டு கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிடுங்கினேன். அழ வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருக்கிறது, சத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. அப்படியே என் கையில் துவண்டுவிட்டாள்.

உலுக்கினேன். முகத்தில் தண்ணீர் அடித்தேன். என்னென்னவோ கத்தினேன் போல. கீழ்வீட்டுத் தையல்கார அக்கா, கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். அவர் படியேறி முடிப்பதற்குள் நண்டு பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்தாள். திறந்ததும் கேட்டது கத்தரிக்கோலை.

கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். அக்காதான் எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மார்ச் 7, வியாழன்

மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், இரும்புச்சத்து குறைவு, அதற்கு ஒரு மருந்து. இதயத்தில் ஒன்றும் இல்லை, வலிப்பும் இல்லை. சில குழந்தைகள் அழும்போது இப்படி மூச்சடங்கிப் போகுமாம், வளர வளரத் தானாக விட்டுவிடுமாம். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். உலுக்கக் கூடாது, தண்ணீர் அடிக்கக் கூடாது, வாயில் விரல் விடக் கூடாது. ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

"அப்ப நான் என்னதான் டாக்டர் செய்யறது?"

"பக்கத்துல இருங்க. அப்புறம், பயந்துகிட்டு கேட்டதெல்லாம் குடுத்துப் பழக்கிடாதீங்க."

அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 11, திங்கள்

இன்று 'வேண்டாம்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. சுவர் முழுக்க மை. அவள் அழவில்லை.

மார்ச் 14, வியாழன்

"ரொம்ப செல்லம் குடுக்கறீங்க" என்றாள் மனைவி, சுவரைத் துடைத்துக்கொண்டே. நடந்ததையெல்லாம் மறுபடி சொன்னேன். "என்கிட்டயும்தான் அழறா. மூச்செல்லாம் நின்னதில்லயே."

அப்போ நான் கத கட்டுறேனா? நீ வாசலத் தாண்டின பிறகுதான் வருது, அதுக்கு நான் என்ன செய்ய? மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். இதில் மாமியார் வேறு போனில், ஆம்பளை கையில் குழந்தை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாராம். அதையும் என்னிடம் சொல்ல வேண்டுமா?

சண்டை போடத் தெம்பில்லை. பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

பூங்காவில் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். கெஞ்சினேன். ஒரு பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "இன்னைக்கு லீவா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி இறக்கினேன். வாங்கினேன். இரண்டு நக்கு நக்குவதற்குள் மண்ணில் விழுந்தது. அழ வாயைத் திறந்தாள், அதே மூச்சடக்கம் வந்துவிட்டது.

புல்லில் ஒருக்களித்துக் கிடத்தினேன். சுற்றிக் கூட்டம். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார். அவளை மறைத்துக் குனிந்துகொண்டேன், தண்ணீர் என் முதுகில் விழுந்தது. "அம்மா எங்க? கொழந்தையோட அம்மா எங்க?" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் இருக்கேன்யா. நான்தான் இருக்கேன். இருந்தும் என்ன கிழிச்சேன்?

மார்ச் 20, புதன்

நாள் முழுக்கக் கதவைத் திறக்கவில்லை. அவள் கேட்டதையெல்லாம் கொடுத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

மனைவி கண்ணெதிரிலேயே வந்துவிட்டது.

நண்டு அம்மாவின் போனை எடுத்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். வாங்கினாள் மனைவி. அவ்வளவுதான். வேலையிடத்தில் நாளெல்லாம் ரத்தத்தோடு புழங்குகிறவள், அலறிவிட்டாள். குழந்தையைத் தூக்கிக் குலுக்கத் தொடங்கினாள். நான் வாங்கிப் பாயில் கிடத்தினேன். "ஆம்புலன்ஸ்" என்றாள். "கொஞ்சம் பொறு, வந்துரும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்ததோ!

மூச்சு வந்தது. நண்டு எழுந்து போன் கேட்டு அழுதாள். இம்முறை சத்தமாக, தாராளமாக மூச்சு விட்டு.

மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இத தனியாவா பாத்துட்டு இருந்தீங்க?"

குக்கர் விசில் அடித்தது, எழுந்து போனேன்.

மார்ச் 25, திங்கள்

அவள் வேலைக்குக் கிளம்பவே மனமில்லாமல் கிளம்பினாள். போகாதே என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்லி?

ஏப்ரல் 3, புதன்

ஜன்னல் கம்பியைப் பிடித்து மேலே ஏறினாள். இறக்கிவிட்டு, வேண்டாம் என்றேன். முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மூச்சு நின்றது. உட்கார்ந்திருந்தேன். வந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி இறக்கினேன். மறுபடி அழுகை. ஆனால் மூச்சு நிற்கவில்லை. அது மருந்தா, அதிர்ஷ்டமா, தெரியவில்லை. நாளைக்கு எப்படியோ.

அதற்குப் பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டு என்ன எடுக்க வந்தேன் என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். வந்ததா என்றாள். வந்து சரியாகிவிட்டது என்றேன்.

"நான் வரட்டுமா?"

சரியாத்தான் ஆயிருச்சே, வந்து என்ன பண்ணப் போற என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "வா" என்றேன்.

வந்தாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல். நண்டு கூடத்தில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு, "அம்மா" என்று கையை நீட்டினாள். மனைவி அவள் தலையைத் தடவிவிட்டு, நேராக அடுப்படிக்கு, என்னிடம் வந்தாள்.