நீ கையெழுத்துப் போட மறுத்த நாள்

நேற்று உன் மனைவி சாந்தி ஒரு புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். சிட்னியில் நாம் இருவரும் ஹெலிகொப்டர் திருத்திய அந்த இராணுவ ஸ்குவாட்ரனின் வரலாறு. பளபளக்கும் தாள், புது மையின் நெடி. "அண்ணா, ரெண்டு தரம் தேடிட்டன். இவரின்ர பேர் எந்தப் பக்கத்தில இருக்கு?" என்று கேட்டாள்.

எந்தப் பக்கத்திலும் இல்லை, மச்சான்.

சிறப்புப் படைகளை ஏற்றி இறக்கும் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த இடம் அது. மரங்களின் தலையை உரசுவதுபோலத் தாழப் பறப்பார்கள். சின்னப் பிழைகூட உயிரைக் கேட்கும். மன்னாரில் ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்த நீ, சிட்னிக்கு வந்து அதே இயந்திரத்தைப் படித்தாய். "அப்ப அதுக்குப் பயந்து ஒளிச்சனான். இப்ப நான் சொன்னாத்தான் அது எழும்பும்" என்று சிரிப்பாய்.

வன்னியில் சண்டை முடிந்த அடுத்த வருடம். மேலதிகாரிகள் பார்வையிட வந்திருந்த காலையில், வால் விசிறியின் தாங்கியில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்றைக் கண்டாய். பறக்கலாம் என்று கையெழுத்துப் போட மறுத்தாய்.

"வெறும் கீறல். போடு!" என்று கத்தினார் கட்டளை அதிகாரி.

"கழற்றிப் பார்க்காமல் போடமாட்டேன், சேர்." உன் குரல் நடுங்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த வெடிப்பை நானும் பார்த்திருந்தேன். "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்றேன்.

நீ கையெழுத்துப் போடாததால் கழற்றவேண்டி வந்தது. வெடிப்பு மறுபக்கம்வரை ஓடியிருந்தது. ஏறவிருந்த ஆறு பேரும் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனார்கள். உன்னையோ, குழுவோடு ஒத்துப்போகாதவன் என்று சொல்லிச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள். ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உன் நெஞ்சு நின்றது. ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ என்னை ஒரு தரமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்காக உன்மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு.

புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? கட்டளை அதிகாரியின் கூர்ந்த பார்வை ஆறு உயிர்களைக் காத்ததாம். பச்சைப் பொய். தொகுத்தவரைத் தொலைபேசியில் பிடித்துச் சத்தம் போட்டேன்.

"நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று அமைதியாகக் கேட்டார்.

"இருந்தேன்."

"அப்போது ஏன் சொல்லவில்லை?"

தொலைபேசியை வைத்தேன்.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதி அவருக்கு அனுப்பினேன். முதல் வரியில் என் பொய். அடுத்த வரியில் உன் பெயர். திருத்துவார்களோ தெரியாது. ஒரு பிரதியைச் சாந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே வாசித்தாள்.

"ஒவ்வொரு ஞாயிறும் எங்கட குசினி மேசையில இருந்து சாப்பிட்டனீங்கள், அண்ணா" என்றாள். கதவைச் சாத்தினாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், மச்சான். அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.