இரண்டு டம்ளர்

அன்பு மகளே,

அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று போனில் கேட்டாய். போனை வைத்துவிட்டேன். எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லி இதை எழுத வைக்கிறேன்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவன், வேலையின் கடைசி வருடம் மூன்று மணி நேரம் உள்ளே மாட்டியதிலிருந்து நம் ஒன்பதாம் மாடி வீட்டை விட்டு இறங்கவில்லை. படியிறங்க முழங்கால் விடாது.

மனநல டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார்.

"இத்தனை வருஷத்துல லிஃப்ட் எத்தனை தடவை நின்னுச்சு?"

"ஒரே தடவைம்மா."

"அந்த ஒரு நாளைத்தான் தினமும் ஓட்டிட்டு இருக்கீங்க. மத்த நாளெல்லாம் எங்க போச்சு?"

எனக்கு எழுத்து தெரியாததால் இரண்டு டம்ளர் வைத்தார். ஒவ்வொரு தடவை லிஃப்டில் ஏறி இறங்கியதும், பயந்தது நடந்தால் ஒன்றில் ஒரு சட்டைப் பட்டன் போட வேண்டும், நடக்காவிட்டால் மற்றதில்.

இன்று ஒரு மாடி போய்த் திரும்பினேன். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. நடக்காத டம்ளரில் ஒரு பட்டன்.

அம்மா கேட்டால், வருகிறேன் என்று சொல். எப்போது என்று மட்டும் சொல்லாதே.

உன் அப்பா