அமரில்லிஸ் தொட்டிகள்

மதுரை,
மே 1943

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் அமரில்லிஸ் செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இலை நுனிகள் வெயிலில் கருகின. தொட்டிகளை வடக்குச் சுவரின் நிழலுக்கு நகர்த்தி, ஈரச் சாக்குச் சுற்றி வைத்திருக்கிறேன். கிழங்குகள் நன்றாகவே இருக்கின்றன.

தெருக் கிணற்றில் மருந்து போட்டதில் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. காய்ச்சித்தான் குடிக்கிறோம். காலரா என்று பேசிக்கொள்கிறார்கள். எதிர்வரிசை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

நேற்றிலிருந்து உன் அத்தா படுத்திருக்கிறார். வெயில் அசதிதான். அடுத்த வீட்டு ஜெயினம்பு உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "புள்ளைய இங்க வரச் சொல்லிராதீக அக்கா" என்று அழுதாள். அவள் சொல்வது சரிதான். பிரசவத்துக்கு நீ இங்கே வரவேண்டாம், விளாங்குடியிலேயே இரு. என்மேல் கோபப்படாதே.

காலையில் அத்தா கண்ணைத் திறந்து, "செடிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டார்.

"ஊத்திட்டேங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

தொட்டிகளை ஜெயினம்பு எடுத்துப்போகிறாள். மதியத்திலிருந்து என்னாலும் குடத்தைத் தூக்க முடியவில்லை.

படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொள்.

துஆவுடன்,
உன் அம்மா