நேற்றைய சோறு

புதன், இரவு.

தூக்கம் வரவில்லை. லாஸ்பேட்டையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரே கேள்விதான்: வடித்த சோற்றை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால், அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு நார்ச்சத்தைப் போலச் செரிக்காமல் போய், ரத்தத்தில் சர்க்கரை குறைவாக ஏறுமா? வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஒரு நாள் புதுச்சோறு, இன்னொரு நாள் ஃபிரிட்ஜில் வைத்த சோறு. பிறகு விரலில் குத்தி நான் சர்க்கரை பார்ப்பேன்.

சோறு வடித்துப் போடுவது செல்வி அக்கா. இன்று மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "பசியோட வர்றவங்களுக்கு நேத்து சோத்தப் போட மனசு வர்லம்மா. அத மாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். புதுசா வடிச்சி, ஃபேன்ல ஆற வச்சிப் போட்டுடுவேன்."

கத்த வேண்டும் போலிருந்தது. "எப்பலேர்ந்துக்கா?"

"மொதல்லேர்ந்தே. சார்கிட்ட சொல்லிடாதம்மா, வேல போயிடும்."

சொல்லாமல் எப்படி? சாயங்காலம், ஆய்வை நடத்தும் சாரின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்தியா, ஃபிரிட்ஜ் சோத்துக்குச் சர்க்கரைக் கோடு எவ்ளோ கீழ இருக்கு! கட்டுரைய அனுப்பிட்டேன். மொதப் பேரு உன்னோடதுதான்."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூலக்குளத்தில் வீடு வரும்வரை வண்டியில் அதே யோசனை. அக்கா செய்தது தப்புதான். ஆனால் இரண்டு நாளும் போட்டது புதுச்சோறுதான் என்றால், அந்தக் கோடு எப்படிக் கீழே இறங்கியது?

விரலில் குத்தியது நான். நான் எழுதிக் கொடுத்த எண்களை வைத்துக் கோடு போட்டது சார். கட்டுரையின் தலையில் இருப்பது என் பெயர்.